ஏழாவது கை

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை நுண்ணோக்கியில் பதித்து, "கொஞ்சம் அசையாம இரு, எண்ணிக்கறேன்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள் சாட்சி. ஸ்லைடுக்குள் இருப்பது ஒரு ஹைட்ரா, வாயைச் சுற்றிக் கைகள் முளைத்த குட்டி நீர்ப்பிராணி. அது செத்து, சாயம் ஏறி, பசையில் ஒட்டிப் பல வருடங்கள் ஆகின்றன. அசைய வழியே இல்லை. ஆனாலும் எண்ணி முடித்ததும் "தேங்க்ஸ்" என்பாள்.

விலங்கியல் ஆய்வகத்தில் அவளும் நானும் ஒரே மேசை. கண்ணில் படாததை வரையமாட்டாள் என்பதால் வந்த பெயர்தான் சாட்சி. நாங்களெல்லாம் சீனியர் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தாளைப் போட்டு வரைந்துவிடுவோம். வரிசையில் நின்று நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு மரியாதைக்கு. அவள் மட்டும் பார்த்து வரைவாள். ஒருமுறை தன் இமை மயிரையே அழகாக வரைந்து, அம்புக்குறி போட்டு, "இது என்னுடையது" என்று எழுதியிருந்தாள்.

எங்கள் துறைக்கு இருப்பது ஒரே ஹைட்ரா. எல்லார் நோட்டிலும் அதற்கு ஏழு கைகள். பாடப்புத்தகத்தில் உணர்நீட்சிகள் என்று இருக்கும். சாட்சியின் படத்தில் ஆறு. ஏழாவதன் இடத்தில் "கண்ணாடியில் விரிசல்" என்ற குறிப்பு.

மேடம் நான்கு முறை கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டார். கையெழுத்து இல்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும்.

"நான் இங்க படிச்சப்பவே ஏழும்மா. உனக்கு மட்டும் எப்படிக் கொறையுது?"

"அது கை இல்ல மேடம், கண்ணாடி விரிஞ்சிருக்கு."

"கண்ணாடி எதுக்கு கரெக்டா வாய்கிட்ட விரியணும்? யோசிச்சுப் பாரு."

அவள் உண்மையிலேயே யோசித்தாள். மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

ஆய்வகத்து அண்ணன்தான் ஒருநாள் குடுவை கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "பாப்பா, வேலைக்குச் சேந்த புதுசுல அந்த ஸ்லைடைக் கீழ போட்டுட்டேன். அந்த வருஷம் ரெண்டு பேரு ஏழுன்னு வரைஞ்சாங்க. நல்ல மார்க்கு. அப்புறம் நான் என்னத்தச் சொல்ல?"

போன மாதம் புது ஸ்லைடு வந்தது. விரிசல் இல்லை, ஆறு கை. மேடம் ஒருமுறை பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுமுறை பார்த்தார். "இதுல ஒரு கை கொறையுது. மாத்திக் குடுக்கச் சொல்லுங்க" என்று வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

சாட்சியின் அம்மா தையல் ஆலையில் சட்டைக்குப் பொத்தான் வைப்பவர். போனில் அவர் கத்துவது எனக்கும் கேட்கும். "ஏண்டி, ஒரு கைதானே? வச்சு விடேன். அது என்ன எழுந்து வந்து கேக்கவா போகுது?"

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா என் நோட்டை விரித்துக் காட்டுவார். "ஏழு கை! எல்லாம் இவ கண்ணால பாத்தது." நான் தலையாட்டுவேன். அந்த ஏழாவதை வரைந்தபோது எனக்கு விரல்கூட நடுங்கவில்லை. இப்போது அதுதான் உறுத்துகிறது.

கையெழுத்து வாங்கக் கடைசி நாள். மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "வரை, போட்டுடறேன்" என்றார். சாட்சி புதுப் பக்கத்தில் ஆறு கைகளை வரைந்தாள். நுண்ணோக்கியில் குனிந்து ஹைட்ராவிடம் "ஸாரி" என்றாள். பிறகு வாயருகே பென்சிலை ஊன்றி ஏழாவது கோட்டை இழுத்தாள். மற்றக் கைகளின் நீளத்தில் அது நிற்கவில்லை. படத்தைத் தாண்டி, ஓரக்கோட்டைத் தாண்டி, தாளின் விளிம்புவரை போனது. ஸ்லைடிலும் விரிசல் கண்ணாடியின் விளிம்புவரைதான் போகிறது.

மேடம் பேனா முனையால் எண்ணினார். "அஞ்சு, ஆறு, ஏழு. இதுக்கா இத்தனை நாள் அழிச்சாட்டியம்?" கையெழுத்து விழுந்தது. அடுத்த நோட்டுக்குக் கை நீட்டியபடி நகர்ந்தார்.

சாட்சி விளிம்பில் ஊன்றிய பென்சிலை இன்னும் எடுக்கவில்லை. கோடு தாளிலிருந்து இறங்கி, மேசைமேல் நேராக ஊர்ந்து, மூடி வைத்திருந்த என் நோட்டின் அட்டையில் வந்து முட்டியது.