துக்கம் வாங்காத வீடு

ஹம்தானைக் கரும்புக் காட்டில் வைத்து பகீத் வீட்டார் சுட்டுப்போட்ட அன்று, அவன் மனைவி ரதீபா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலிலேயே மறித்தாள்.

"இங்க யாரும் சாகல. போயிட்டு வாங்க."

தெற்கு எகிப்தில், கிர்கா பக்கத்துக் கிராமங்களில் அதற்கு ஒரே பொருள்தான். பழி தீரும்வரை அந்த வீடு துக்கம் வாங்காது. பாய் விரிக்காது, சர்க்கரை போடாத காப்பி ஊற்றாது. பழி தீர்க்க வேண்டிய மகன் கலஃப் அப்போது அவள் இடுப்பில் இருந்தான்.

வெயிலில் மாவைப் பொங்கவைத்து, ரொட்டி சுட்டு விற்று அவனை வளர்த்தாள். ரொட்டியைப் பிட்டுக் கொடுக்கும்போதெல்லாம் அப்பனைச் சுட்டவன் பெயரையும் சேர்த்தே ஊட்டினாள்.

அவனுக்கு மீசை அரும்பிய வருடம் மிர்வத் வந்தாள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் நடத்துகிறவள். இந்தப் பக்கத்தில் யார் யாரைக் கொல்கிறார்கள், ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய வந்திருந்தாள். பெண்கள் இருக்கும் அறைகளுக்குள் அவளைக் கூட்டிப்போக ரதீபா துணைக்குப் போனாள்.

வீடு வீடாகத் தாய்மார்கள் பேசினார்கள். "நான்தான் அவன் கையில துப்பாக்கியக் குடுத்தேன்" என்றாள் ஒருத்தி, வெண்டைக்காய் அரிந்தபடியே. அவள் மகன் சிறையில். இன்னொருத்தியின் மகன் மண்ணுக்குள். கேட்கக் கேட்க, எல்லாரும் தன் வாயாலேயே பேசுவதுபோல் ரதீபாவுக்கு இருந்தது.

திரும்பும் வழியில் மிர்வத்திடம் கேட்டாள். "டாக்டரம்மா, இது எங்கயாவது நின்னிருக்கா?"

"துக்கம் வாங்கின வீடுகள்ல நின்னிருக்கு. அதுக்கப்புறம் அங்க யாரும் துப்பாக்கியத் தொடல. பல ஊர்ல பார்த்துட்டேன்."

அந்த வாரமே கொழுந்தன் தாஹி சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தான். "மதினி, பையன் தயாராயிட்டான். இன்னும் என்ன யோசனை?"

"கரும்பு வெட்டு முடியட்டும் தம்பி."

மறுநாளே கலஃபைக் கெய்ரோவுக்கு, கட்டட வேலை செய்யும் தன் அண்ணனிடம் அனுப்பிவிட்டாள். அவன் திரும்புவதற்குள் துக்கம் வாங்கிவிட்டால், அப்புறம் யார் அவன் கையில் துப்பாக்கியைத் திணிக்க முடியும்? தாஹி சந்தைக்குப் போன நாளாகப் பார்த்துப் பாய் விரித்தாள். குர்ஆன் ஓதுகிறவரை வரவழைத்தாள். காப்பி கொதித்தது.

ஊரே திரண்டது. பக்கத்து வீட்டு வஹீபா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அடி ரதீபா, வயிறு குளுந்துச்சாடி? கமுக்கமா முடிச்சிட்டியே! கெய்ரோவுலயா? யாரை?"

"யாரையா? என்னடி உளர்ற? என் புருஷனுக்குத்தான் துக்கம்."

"எங்கிட்டயே மறைக்கிறா பாரு! பழி தீராம எவடி பாய் விரிப்பா?"

ரதீபா காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தாள். மிர்வத் பார்த்தது பொய்யில்லை. துக்கம் வாங்கிய வீடுகளில் கொலை நின்றுதான் இருந்தது. கொலையை முடித்துவிட்டுத்தானே அவர்கள் துக்கமே வாங்கினார்கள்! இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். மகன் பிழைக்க வேண்டும் என்ற ஆசை அதை மறைத்திருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பகீத் வீட்டில் ஒப்பாரி கிளம்பியது. பகீத்தின் மகன் ஃபிக்ரி கெய்ரோவில் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் போனை எடுக்கவில்லை.

ரதீபா செருப்பில்லாமல் ஓடினாள். "உங்க பையனை யாரும் தொடல! என் மகன் மேல ஆணை!"

ஃபிக்ரியின் தாய் மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எதுக்குடி பாய் விரிச்ச, பாவி?"

ரதீபா பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஃபிக்ரிதான். சார்ஜ் தீர்ந்தது தெரியாமல் தூங்கிப்போயிருக்கிறான். தாய் அழுதுகொண்டே சிரித்தாள், போனையே முத்தமிட்டாள்.

"கெய்ரோவுல இருக்கிற உங்க ஆளுங்களுக்கு, என் மகனைத் தொட வேணாம்னு சொல்லுங்க ஐயா! சீக்கிரம் சொல்லுங்க!" என்று பகீத்தின் காலைப் பிடித்தாள் ரதீபா. கலஃப் எந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறான் என்பது ஊருக்கே தெரியும்.

பகீத் கெய்ரோவிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரதீபாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கலஃபை அடக்கம் செய்த அன்று ரதீபா மறுபடியும் பாய் விரித்தாள். "இதோட போதும் தாஹி. நான் துக்கம் வாங்கிக்கிறேன்."

தாஹி பாயைச் சுருட்டிச் சுவரில் சாத்தினான். தன் மூத்த மகனைத் தோளைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வாசலை மறித்து நின்றான்.

"இங்க யாரும் சாகல. போயிட்டு வாங்க."