முதல் ஊழியம்

ஏரிச் சேறு காலில் காயும்போது தோலைப் பிடித்து இழுக்கும்; அந்த இழுப்பு இன்னும் என் கெண்டைக்காலில் இருக்கிறது. ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊர் ஏரியில்தான் சபையார் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், அம்மாவின் மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு அன்று அந்தக் கரையில் நின்றேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முழுகி எழுந்து கரையேறியவர் துணி மாற்ற ஓடிவிடக் கூடாது. ஈரத்தோடு நின்று, அடுத்து வருகிறவருக்குக் கைகொடுத்து ஏற்றிவிட வேண்டும். மூப்பர்கள் அதற்கு "முதல் ஊழியம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய மனுஷி தண்ணீரில் செத்தாள், எழுந்தவள் புதியவள், இனி அவள் இயேசுவின் சீஷி, சீஷிக்கு முதல் வேலை பின்னால் வருகிறவளுக்குக் கைநீட்டுவது என்று பாஸ்டர் ஐயா வகுப்பில் சொன்னதை அம்மா அப்படியே நம்பினாள்.

அம்மாவுக்கு முன்னால் இறங்கவேண்டியவர் சரோஜா அம்மா. ஊர்த்தெருக்காரர், அவர்கள் கழனியில்தான் காலனிக்காரியான என் அம்மா களை எடுத்தாள், அவர்கள் வீட்டில் கூலியைக்கூட மேலிருந்துதான் கையில் போடுவார்கள். "தண்ணில எறங்கி ஏறிட்டா அப்புறம் ஊரு இன்னா, காலனி இன்னா? சரோஜாம்மாவே எனக்குக் கை குடுப்பாங்க பாரு" என்று ஒரு வாரமாக அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த ஞானஸ்நானமே அந்தக் கைதான்.

சரோஜா அம்மா முழுகி ஏறினார். பின்னாலேயே அம்மா வந்து, தலையிலிருந்து தண்ணீர் ஒழுகக் கையை நீட்டினாள். சரோஜா அம்மா தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, குளிர்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்தார். சித்திரை வெயிலில் என்ன குளிர்? அம்மா வழுக்கி முழங்காலில் விழுந்தாள். பாட்டுக்காரர்கள் குரலை உயர்த்தினார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாஸ்டர் ஐயா குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

அம்மா தானாகவே எழுந்தாள், கரையேறினாள், திரும்பி நின்று அடுத்தவருக்குக் கைநீட்டினாள். அடுத்து வந்தவர் சரோஜா அம்மாவின் ஓர்ப்படி. சேறு வழுக்கியதால் வேறு வழியில்லாமல் அந்தக் கையைப் பிடித்து ஏறினார். ஏறியதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். சேற்றுக்காகத்தான் துடைத்தார் என்று அம்மா இன்றுவரை சாதிக்கிறாள். உடம்பெல்லாம் சேறாக இருக்க அந்த ஒரு கையை மட்டும் ஏன் துடைத்தார் என்று நான் இன்றுவரை கேட்கிறேன்.

"விடும்மா, விசுவாசத்துல இப்பத்தான் பொறந்தவங்க, போகப் போகச் சரியாய்டும்" என்று அம்மாவிடம் சொன்னார் பாஸ்டர் ஐயா. சாதி செத்துத்தானே எழ வேண்டும்? அதைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து மறுபடியும் உடுத்திக்கொள்வதற்குப் பெயர் ஞானஸ்நானமா? அதைக் கண்ணால் கண்டும் ஆமென் சொன்ன மேய்ப்பரை நான் மன்னித்ததாகச் சொன்னால் அது பொய்.

ஏரியில் பாதி இப்போது கிடங்காகிவிட்டது. நாங்கள் நின்ற கரையில் கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. சபைக்குள்ளேயே டைல்ஸ் போட்ட தொட்டி கட்டியிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி, ஷிப்டு முடிந்து வருகிற தென்மாவட்டப் பையன்கள் சிலர் போன மாதம் அதில் இறங்கினார்கள். ஆளுக்கொரு பக்கமாக ஏறி, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். படிக்கட்டில் பளபளக்கும் கம்பியை மூப்பர் ஒருவர் அம்மாவிடம் பெருமையாகக் காட்டினார்.

அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நல்லாத்தான் கீது ஐயா. ஆனா பின்னாடி வர்றவங்களுக்கு இனிமே யாரு கை குடுப்பாங்க?"

"யாரும் குடுக்கத் தேவையில்லம்மா" என்றார் அவர், சந்தோஷமாக. "அதுக்குத்தானே கம்பி."