வாயிரும்பில் இருந்தது

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பேனை பிடித்ததெல்லாம் தவிட்டு மூடை வந்து இறங்கும்போது துண்டில் கையெழுத்துப் போடத்தான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல முடியாமல் போன ஒரு விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பலகை விற்கும் ஒரு மரக்காலைக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் லாயம். முதலாளி மூன்று குதிரைகளும் இரண்டு வண்டிகளும் வைத்து, கல்யாண ஊர்வலங்களுக்கு அனுப்புகிறார். குதிரைகளைக் குளிப்பாட்டித் தீனி வைப்பது என் வேலை. வண்டி ஓட்டுகிறவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அதுவும் கூப்பிட வேண்டி வந்தால் மட்டும்.

மூன்றாவது குதிரை நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்தது. நாலு வயதுப் பெட்டை, சாம்பல் நிறம். நான் கழுத்தைத் தேய்க்கும்போது தாடையை என் தோளில் வைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் கடிவாளம் பூட்டினால் போதும், வாயிலுள்ள இரும்பை மெல்லத் தொடங்கிவிடும். கிளுக், கிளுக் என்று கழற்றும்வரை ஓயாது. கடைவாயில் நுரை தள்ளும்.

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டப வாசலில் அது தலையை உதறியது. நுரை பறந்துபோய் பெண்ணின் மாமியின் பட்டுச் சீலையில் ஒட்டியது.

"ஐயோ, என்ர கூறைச் சீலை! குதிரை கேட்டால் சவர்க்காரம் திண்ட மாட்டைக் கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கிறாங்கள்!" என்று அந்த அம்மா சத்தம் போட்டார். யாரோ அதை ஃபோனில் படம் பிடித்தார்கள். நாங்கள் கொட்டாஞ்சேனை திரும்புவதற்குள் அது முதலாளியிடம் வந்து சேர்ந்திருந்தது.

"வார ஞாயிறும் வெள்ளவத்தையில கலியாணம் ஈக்கி," என்றார் முதலாளி. "அண்டைக்கும் இப்படி நுரை தள்ளினா, வந்த லொறியிலயே ஏத்தி அனுப்பிடுவன்."

அப்போது அண்ணை, வண்டிச் சில்லுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டே சொன்னார்: "நீர்கொழும்பில என்ர மச்சானிட்ட ஒரு குதிரை நிக்குது, முதலாளி. பத்து வயசு. வாய் இருக்கிறதே தெரியாது."

அந்த ஒரு சொல்தான். அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் காலை ஓட்டம் முடிந்ததும் அவர் கடிவாளத்தைத் தானே கழற்றினார். என் வேலையை அவர் ஏன் செய்கிறார்? குழாயடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்து, ஏதோ குத்திக் குத்திச் செய்தார். நான் தவிட்டு மூடைகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கையில் ஈர்க்கு ஒன்று. வாயிரும்பு இரண்டு துண்டாக நடுவில் மூட்டு வைத்தது. அந்த மூட்டுக்குள் ஈர்க்கை விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈர்க்கை எறிந்துவிட்டு, கடிவாளத்தை ஆணியில் கொழுவிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை வழமைபோலக் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் வந்தார். எத்தனையோ வருஷமாகப் போகிறவர்தான். ஆனாலும், இன்றைக்கு எதற்காக மெழுகுதிரி கொளுத்தினார் என்று யோசித்தேன். மச்சானின் குதிரை விலைப்பட வேண்டும் என்றா? அவர் பெட்டையின் நெற்றியைத் தடவினாலும் சந்தேகம், தடவாமல் போனாலும் சந்தேகம். நேரே கேட்கலாம். எனக்கு அது வராது. சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கரண்டி பருப்பு கேட்பதற்கே எனக்கு வாய் வராது.

இந்தக் கவலையிலும் என் வேலையில் நான் குறை வைக்கவில்லை. பெட்டையின் கடிவாளத்தில் இரண்டு கன்னத்திலும் பித்தளை வளையம். துறைமுகத்து உப்புக் காற்றும் அதன் எச்சிலும் சேர்ந்து ஒரே நாளில் கறுத்துவிடும். நுரை கூடக் கூட, கறுப்பும் கூடியது. எங்கள் வீட்டில் அம்மா விளக்கு மினுக்குவது போல, நானும் பழப்புளி கரைத்த சட்டியில் கடிவாளத்தை ஊறப்போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து, அலசித் துடைப்பேன். மற்றக் குதிரைகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை, பெட்டைக்கு ஒவ்வொரு நாளும். அது போய்விடக் கூடாது என்று அந்தக் கிழமை இன்னும் கொஞ்சம் புளி கூட்டினேன்.

வியாழக்கிழமை காலை பூட்டுவதற்கு முன் வாயிரும்பின் மூட்டை விரித்துப் பார்த்தேன். உள்ளே மண்ணிறத்தில், நார்போல, பிசுபிசுவென்று ஏதோ இருந்தது. ஊசியால் எடுத்துப் பேப்பர்த் துண்டில் மடித்து வைத்தேன். புகையிலைச் சாறா, மருந்தா என்று தெரியவில்லை. முதலாளி வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன இது?"

"வாயிரும்புக்குள்ள இருந்தது. அண்ணை... ஈர்க்கால வைக்கிறார்."

வண்டிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

முதலாளி பேப்பரை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டாம் தரமும் மணந்தார். "இது புளியல்லவா?"

"தம்பி, உம்மட சட்டியை ஒருக்கா எடுத்து வாரும்," என்றார் அண்ணை.

எடுத்து வந்தேன். சட்டியின் அடியிலும் அதே நார், அதே நிறம்.

"நான் வைக்கேல்ல, முதலாளி. ஒவ்வொரு நாளும் கிண்டி எடுக்கிறனான். இவர் திரும்பவும் ஊறப்போடுறார். மூட்டுக்குள்ள போனது அலசினால் வராது. பெட்டை நாள் முழுக்க அந்தப் புளியைச் சூப்புது."

"அப்ப இவருக்குச் சொல்லியிருக்கலாமே?"

"இவருக்கோ? போன வருஷம் சேணவார் இறுகிப்போச்சு எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னன். நாலு நாள் என்ர முகத்தைப் பார்க்கேல்ல. மத்தியானச் சோத்தையும் குதிரைக்குப் பின்னால நிண்டு திண்டவர்."

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குதிரைக்குப் புளியாணம் காய்ச்சிக் குடுத்தீக்கிறார்! நாளைக்கு இடியப்பமும் கேக்கும்!"

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. புளிதான் காரணம் என்றால் மற்றக் குதிரைகள் ஏன் மெல்லவில்லை? அவர்கள் போனபின் மற்ற இரண்டு கடிவாளங்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒற்றை இரும்பு. மூட்டே இல்லை. பேப்பர்த் துண்டைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாயிரும்பை மட்டும் வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கடிவாளத்தைப் பூட்டினேன். பித்தளை மங்கலாகத்தான் இருந்தது. மண்டப வாசலில் மேளம் முழங்க, பெட்டை இரும்பை மென்றது. நாலைந்து தரம் மென்றுவிட்டுக் காதை மேளக்காரர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. நான் கையில் துவாயோடு தயாராக நின்றேன், தேவைப்படவில்லை. எதிர்க் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி ரோட்டைக் கடந்து வந்தார். அதன் கடைவாயில் ஒரு விரலை வைத்துப் பார்த்து, இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"சரி, இது நிக்கட்டும்," என்றார்.

அது நின்றுவிட்டது. சிக்னலில் காத்து நிற்கும்போது இப்போதும் கொஞ்சம் மெல்லும். குட்டிப் புத்தி இன்னும் போகவில்லை. மச்சானின் குதிரை பற்றிப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. அது உண்மையாகவே விற்க நின்ற குதிரையா, சும்மா சொன்ன கதையா என்று நான் கேட்கவில்லை. அண்ணை கடிவாளத்தோடு குழாயடிக்குப் போனால், என் கண் இன்றைக்கும் என்னைக் கேட்காமல் பின்னால் போகிறது. அவருக்கும் அது தெரியும். வேண்டுமென்றே என் பக்கம் திரும்பிக் குந்தியிருந்து கழுவுகிறார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணை என்று ஒரு வரி எழுதத்தான் இந்தக் கொப்பியை வாங்கினேன். அந்த வரிக்கு முன்னால் இவ்வளவும் வந்துவிட்டது. தாள்களைக் கிழித்து மடித்து, வண்டியில் அவர் இருக்கும் சீற்றுக்குக் கீழே வைக்கப் போகிறேன். அவர் வாசிக்கிற நேரம் நான் குதிரைக்குப் பின்னால் நிற்பேன்.

2024 ஆவணி 18, ஞாயிற்றுக்கிழமை.