விண்ணப்பத்தில் ஆம் என்று எழுதியவர்

பூனாவில் மகர்பட்டா பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் மனநலம் பற்றி என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு இது ஒரு வழக்கமாகிவிட்டது. வருஷத்தில் ஒரு நாள் சேவை தினம், எல்லோருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட், கடைசியில் சமோசா. சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் என் தமிழைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, மனநல வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று கேட்டாள். சமூகப்பணியில் முதுகலை, இல்லாவிட்டால் உளவியல், அதுவும் முடியாவிட்டால் எங்கள் மாதிரி மையங்கள் நடத்தும் ஆறு மாதப் பயிற்சி என்று ஒப்பித்தேன். அந்தப் பயிற்சியில் யார் வேண்டுமானாலும் சேரலாமா என்றாள். சேரலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயைக் கழுவவேண்டும் போலிருந்தது, ஏனென்றால் சேர முடியாத ஒருவரை எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் பூனாவை ஒட்டிய கசார்வாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு லேத் பட்டறையின் மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் மையம். கீழே இரும்பு கதறும், மேலே நாங்கள் மன அமைதியைப் பற்றிப் பேசுவோம். டாக்டர் வெள்ளிக்கிழமை மட்டும் வருவார், அன்றுதான் மாத்திரையும் கொடுப்போம். மற்ற நாட்களில் நானும், பயிற்சி முடித்த நாலைந்து பெண்களும்தான். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, மருந்தை நிறுத்திவிடாமல் கவனிப்பது, குடும்பத்தாரிடம் பேசுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. நான் கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். தமிழ், மராத்தி, இந்தி மூன்றிலும் சண்டை போட வரும். அதனால் தெருமுனைக் கூட்டங்களில் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதிதான், மறைக்காதீர்கள், வெட்கப்படாதீர்கள் என்று மூன்று மொழியிலும் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நம்பினார்.

அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். வட ஆற்காட்டுக் குடும்பம், ஆனால் பிறந்ததே பூனாவில். கணவருக்குப் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காதில் யார் யாரோ பேசத் தொடங்கியிருக்கிறார்கள். ஆறு வருஷமாக எங்களிடம் மருந்து சாப்பிட்டு வந்தார். நான் சேர்ந்த காலத்தில் குரல்கள் எல்லாம் போய், தெளிவாக இருந்தார். வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெளியவில்லை. பிள்ளைகளை அதட்டினாலும், கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும், குழம்பில் உப்பு கூடிவிட்டாலும், "கோலி போட்டியா?" என்று கணவர் கேட்பாராம். பூனா தமிழில் மாத்திரைக்குக் கோலி என்றுதான் பேர்.

வெள்ளிக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவர் மற்ற நாட்களிலும் வர ஆரம்பித்தார். புதிதாக வந்து விழித்துக்கொண்டு நிற்பவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். ஒருநாள் பக்கத்துச் சால் என்கிற வரிசைவீடுகளில் ஒரு தமிழ்ப் பெண் மருந்து வேண்டாம் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் என் முதுகலைப் பட்டத்தோடு ஜன்னலுக்கு வெளியே அரைமணி நேரம் நின்று, கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பேசிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கூட வந்திருந்த இவர் ஜன்னலில் முகத்தை வைத்து, வாய் உலர்ந்துபோகிறதா, நாக்கு தடிக்கிறதா, எனக்கும் அப்படித்தான் இருந்தது, கொஞ்சம் சோம்பு வாயில் போட்டுக்கோ என்றார். தாழ்ப்பாள் திறந்தது. எனக்கு அன்று பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த வருஷம் பயிற்சிக்கு எட்டுப் பேரை எடுப்பதாக அறிவித்தோம். முடித்தால் சான்றிதழ், மையத்தில் வேலை, சின்னச் சம்பளம். இவர் விண்ணப்பம் கேட்டு வந்தார். எதற்கக்கா இந்த அலைச்சல், இப்போதே எல்லாம் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாடவில்லை.

"மேசைக்கு அந்தாண்ட உக்காரணும் மேடம். வேலைக்குப் போறவள யாரும் கோலி போட்டியான்னு கேக்கமாட்டாங்க."

விண்ணப்பம் மராத்தியில் இருந்தது. அவர் முனிசிபல் பள்ளியில் மராத்தியில் படித்தவர், தானே எழுதினார். கடைசிக் கேள்வி, உங்களுக்கோ உங்கள் குடும்பத்தில் யாருக்கேனுமோ மனநோய்க்குச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்பது. பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையை எழுதலாமா என்று கேட்டார்.

நான் தெருமுனைக் குரலிலேயே சொன்னேன். "எழுதுங்கக்கா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

ஆம் என்று எழுதினார். கீழே விட்டிருந்த இடத்தில், ஆறு வருஷமாக மருந்து சாப்பிடுகிறேன், இப்போது நன்றாக இருக்கிறேன், சந்தேகமிருந்தால் உங்கள் ஊழியரைக் கேளுங்கள் என்றும் எழுதினார். அந்த ஊழியர் நான்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதே கேள்விக்கு இல்லை என்று எழுதியவள். நான் எட்டாவது படித்தபோது அப்பா நான்கு மாதம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தார். குடியிருப்பில் எல்லோரிடமும் மஞ்சள் காமாலை, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னோம். என்னையும் சொல்லவைத்தார்கள், பழகிவிட்டது. இவர் எழுதிக் கொடுத்ததை வாங்கி வைத்தபோது இது எனக்கு நினைவு வராமல் இல்லை. வெற்று விண்ணப்பங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தன. தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. கிழித்துப்போட்டுவிட்டு, அக்கா, வேறொன்று எழுதுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை, இந்த இடத்திலாவது உண்மைக்கு மதிப்பு இருக்கும் என்று நான் நிஜமாகவே நினைத்தேன். அவ்வளவு அசடு.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். எங்கள் டாக்டர், அறக்கட்டளைத் தலைவரான ஓய்வுபெற்ற அதிகாரி, நன்கொடை தரும் ஓர் அம்மாள். நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். இவருடைய விண்ணப்பம் வந்ததும் யாரும் கடுமையாகப் பேசவில்லை. கடுமையாகப் பேசியிருந்தால் எனக்கும் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும். வேலையின் அழுத்தம் தாங்காமல் திரும்பவும் நோய் வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று டாக்டர் கவலைப்பட்டார். மற்ற நோயாளிகளின் குடும்பங்கள் என்ன நினைக்கும் என்றார் தலைவர். அவர் டீயில் சர்க்கரை வேண்டாமென்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து விழுங்கிக்கொண்டேதான் இதைச் சொன்னார். பாவம், காகிதப்பை ஒட்டும் குழுவில் சேர்த்துக்கொள்ளலாமே, மனசுக்கும் ஆறுதலாக இருக்கும் என்றார் அந்த அம்மாள். எல்லோரும் அவருடைய நன்மைக்காகவே பேசினார்கள்.

பிறகு என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். ஜன்னல் கதையைச் சொன்னேன். நல்ல பெண்மணி என்றேன். டாக்டர் தலையாட்டி, அதனால்தான் அவர் உடம்பு கெட்டுவிடக் கூடாது என்கிறோம் என்றார். மேசைமேல் மற்ற விண்ணப்பங்கள் கிடந்தன. அதில் ஒருத்தி தன் தம்பியைப் பற்றி என்னிடமே அழுதிருக்கிறாள், இன்னொருத்தியின் அம்மா எங்களிடமே மருந்து வாங்குகிறவர். இரண்டு பேரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் போயிருப்பார்கள், இவர் வந்திருக்க மாட்டார். என்னைப் பற்றிச் சொல்லியிருந்தால்? அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, வேலையும் நிரந்தரமாகவில்லை. குழுவின் முடிவுதான் என்று சொல்லிவிட்டுக் குறிப்பெழுதினேன். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து மிக அழகாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட புடவையில் வந்தார். முடிவை நான்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்கள். சொன்னேன். அழுவார், திட்டுவார் என்று பயந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் ஆசைப்பட்டேன். அவர், ஆம் என்று எழுதி யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்போ அடுத்த வருசம் இல்லேன்னு எழுதிக் குடுத்துடறேன் மேடம்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கற்றுக்கொண்டதை ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எங்கள் ஊரில், எங்கள் குடியிருப்பில், அந்த மையத்தில்கூட எல்லோரும் செய்வதுதான் அது.

"அக்கா, உங்க ஃபைல் எங்ககிட்டயே இருக்கே" என்றேன்.

அவர் நிமிர்ந்து என் பின்னால் ஃபைல்கள் இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்துவிட்டார், மாத்திரைக்கு வரிசை சேர ஆரம்பித்திருந்தது. அவர் எழுந்து நாற்காலியை மேசையோடு ஒட்டிப் போட்டுவிட்டு, போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். ஒவ்வொரு ஃபைல் எண்ணாகக் கூப்பிட்டு வந்தேன். அவருடைய எண்ணையும் நான்தான் கூப்பிட்டேன்.