கறுப்பிக்குப் போட்ட பெல்ட்

காலை 7.10க்கு வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டோம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் மிருக வைத்தியரிடம் போக ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீற்றர். காரில் நான், பக்கத்து வீட்டு மீனவர் நவம், அவருடைய நாய் கறுப்பி. இரையோடு தூண்டில் முள்ளையும் அது விழுங்கியிருந்தது. வாயோரம் நூல் தொங்கியது. இழுத்தால் தொண்டை கிழியும். கார் குலுங்கினாலும் முள் இன்னும் ஏறலாம்.

நாய் சாரதியை மறிக்கக்கூடாது. பிரேக் பிடித்தால் முன்னால் வந்து விழக்கூடாது. இவ்விரண்டையும் ஊருக்கே ஓதி வருபவன் நான். நவத்தின் மீன்பெட்டியில் பழைய சாரத் துணியை விரித்துக் கறுப்பியைக் கிடத்தி, பின் இருக்கை பெல்ட்டைப் பெட்டியின் கைபிடிகளுக்குள்ளால் விட்டுக் கொழுவினேன். இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன்.

"மோட்டார் சைக்கிள் டாங்கியிலை வைச்சுக்கொண்டு போனதுக்கு என்னைப் பேசினியள் அண்ணை," என்றார் பெட்டியருகில் இருந்த நவம். "இப்ப பாருங்கோ, ராசாத்தி மாதிரிப் போகுது."

"கதையை விட்டிட்டு அதின்ரை தலையைப் பிடியும்."

7.35. அச்சுவேலிக்குக் கிட்டப் பொலிஸ்காரர் ஒருவர் மறித்தார். பின் இருக்கையைக் குனிந்து பார்த்தார்.

"ஐயா, நாய்க்கு பெல்ட் போட்டிருக்கிறியள். உங்கடை எங்கை?"

என் நெஞ்சைப் பார்த்தேன். இல்லை. முப்பத்தாறு வருடம் கந்தோரில் மற்றவர்களின் படிவங்களில் விடுபட்ட கையெழுத்துக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டவன் நான். நவம் சிரிக்கவில்லை. கறுப்பி இருமியது, நூலில் இரத்தம்.

சலுகை கேட்டுப் பழகாத வாய். "தம்பி, குற்றம் குற்றம்தான். தண்டத்தைத் திரும்பி வரேக்கை எழுதும். நாய் தூண்டில் முள்ளு விழுங்கிட்டுது."

"முதல்லை பெல்ட்டைப் போடுங்கோ. போட்டிட்டுப் போங்கோ."

பள்ளத்துக்குப் பள்ளம் ஊர்ந்தேன். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்துக் களைத்தது. "இந்த வேகத்துக்குக் கறுப்பி நடந்தே போயிருக்கும்," என்றார் நவம். அவர் கறுப்பியின் தலையை விடாமல் தாங்கிப் பிடித்திருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

8.25க்கு உள்ளே கொண்டுபோனார்கள். 9.40க்கு வைத்தியர் முள்ளைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். நவம் கை நீட்டவில்லை.

"என்ரை முள்ளுதான். இரை குத்தி வீட்டு முத்தத்திலை வைச்சதும் நான்தான்," என்றார்.

திரும்பும் வழியில் அச்சுவேலியில் நானே காரை நிறுத்தி, சாரதி அனுமதிப்பத்திரத்தை நீட்டினேன். அதே பொலிஸ்காரர் அதை வாங்காமல் பின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தார்.

"தப்பீட்டுதோ?"

"ஓம். மயக்கம் இன்னும் தெளியேல்லை."

அதன் பிறகுதான் பத்திரத்தை வாங்கித் தண்டச் சீட்டு எழுதினார். எந்தத் தாளையும் பிழை தேடியே வாசிக்கும் நான், அதை வாசிக்காமல் சட்டைப் பையில் வைத்தேன்.

வீட்டு வாசலில் நவம் பெட்டியின் பெல்ட்டைக் கழற்றப் போனார்.

"பொறும். அது எழும்பட்டும்."

எஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் காருக்குள்ளேயே இருந்தோம். என் பெல்ட்டையும் நான் கழற்றவில்லை.