ஒரே கையெழுத்தில் இரண்டு மனுக்கள்

என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. முப்பது வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த கை. தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். கம்ப்யூட்டரில் அடித்த மனுவை அதிகாரி புரட்டிப் போட்டுவிடுவார், டீச்சர் எழுதினால் நின்று படிப்பார் என்று தெருவில் ஒரு பேச்சு. அதை நானும் மறுத்ததில்லை.

தெருமுனை வேப்பமரத்தடியில் தேய்ப்பு வண்டி போட்டிருந்த பெண்ணும் அப்படித்தான் வந்தாள். என் காட்டன் புடவைகளெல்லாம் அவள் தேய்த்துத் தருபவை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரம் போட்ட ஒற்றை அறையில், புருஷனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான், எங்கள் தெருவில் பாழடைந்து கிடந்த பழைய அரசுக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டு ஐந்து மாடிக்குச் சின்னச் சின்ன வீடுகளாகக் கட்டப்போகிறார்கள், அக்கம்பக்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முதலிடம் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதில் ஒரு வீடு கேட்டு மனு வேண்டும் என்றாள். வண்டியும் வாடிக்கையும் இங்கே இருக்க, தன்னை ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டால் பிழைப்பே போய்விடும் என்றாள்.

மனசார எழுதிக் கொடுத்தேன். நகரம் மேல்நோக்கி வளரட்டும், வயலைத் தின்று வளர வேண்டாம் என்பது என் கட்சி. பிள்ளைகளுக்கு அதைக் கட்டுரைத் தலைப்பாகவே கொடுத்திருக்கிறேன். சோழவந்தானில் தம்பி வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது வழியில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால் வரும்; கண்ணுக்கு அவ்வளவு குளுமையாக இருக்கும். ஒரு நாள் கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டு அளவுக்கல் நட்டிருந்தார்கள். இவர்களெல்லாம் உருப்படுவார்களா என்று பக்கத்து சீட்டு அம்மாளிடம் இறங்கும்வரை பொருமினேன். அதற்குப் பிறகு அந்த இடம் வந்தால் ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

அவளுக்கு எழுதிக் கொடுத்து ஒரு வாரம் இருக்கும், அடுத்த வீட்டுக்காரர் வந்தார். கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து மாடி வந்தால் சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடமிருக்காது, தெருவாகச் சேர்ந்து ஆட்சேபணை கொடுக்கிறோம், நீங்கள் எழுதினால் எடுப்பாக இருக்கும் என்றார். அவருக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். 'இப்பகுதியின் குடியிருப்புத் தன்மை கெடும்' என்று ஒரு வரி. அது வந்து விழுந்தபோது எனக்கே ஒரு மிதப்பு. முதல் கையெழுத்தும் நானே போட்டு, அடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்றும் எழுதினேன்.

ஏன் போட்டேன்? சாக்கடைக்காக இல்லை. என் மொட்டைமாடிக்கு நேர் எதிரே அவள் துணி காயப்போட்டுக்கொண்டு, "என்ன டீச்சர், சாப்ட்டாச்சா" என்று கேட்பாள் என்று நினைத்தேன். மனசு சுருங்கிப்போனது. அவள் என் தெருவில் என் புடவையைத் தேய்க்கலாம், குடியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். இதை எழுதும்போதே சீ என்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலில் முழங்காலில் நின்று எல்லாருக்காகவும் மன்றாடுகிறவள் நான்.

மனுக்கள் ஏதோ ஃபைல் கட்டுக்குள் கிடந்து தூங்கும் என்று நினைத்திருந்தேன். கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். வந்திருந்த அதிகாரி சின்ன வயசுக்காரர். ஒவ்வொரு மனுவாக எடுத்துச் சத்தமாகவே வாசித்தார். அவளுடையதை வாசித்தார். சற்றுப் பொறுத்து எங்கள் ஆட்சேபணையை எடுத்தவர், பாதியில் நிறுத்தி, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கையெழுத்தாக இருக்கிறதே, யார் எழுதியது என்று கேட்டார். நான் குனிந்து, மூக்கில் இருந்த கண்ணாடியைக் கைப்பைக்குள் தேடினேன்.

பின்வரிசையிலிருந்து அவள் எழுந்து என்னைக் காட்டினாள்.

"எங்க டீச்சர்தேன்யா. யாரு கேட்டாலும் எழுதிக் குடுப்பாக. கேட்டவுக சொன்னத எழுதிருப்பாக, அம்புட்டுத்தேன்."

அதிகாரி தாளின் அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த மனுவை எடுத்துக்கொண்டார். என் கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்று எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கைப்பையைத்தான் கிளறிக்கொண்டிருந்தேன்.

ஐந்து மாடி இரண்டு மாடியானது. வீடு கிடைத்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தச் சந்து வீடுகளைக் காலி செய்தபோது அவளுக்கு ஊருக்கு வெளியே ஏதோ குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வீட்டுக்காரர் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

தேய்ப்பு வண்டி மட்டும் வேப்பமரத்தடியிலேயே நின்றது. ஏழு மணிக்கெல்லாம் கரி பற்றவைத்துவிடுகிறவள், இப்போது இரண்டு பஸ் மாறி வந்து சேரப் பத்தாகிவிடும். ஆபீஸ் போகிறவர்கள் அதுவரை காத்திருப்பார்களா? பாதி வாடிக்கை போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நானும் அயர்ன் பாக்ஸ் வாங்கி வீட்டிலேயே தேய்க்க ஆரம்பித்தேன். அதுவும் அவளுக்கு ஒரு வாடிக்கை குறைவுதான்.

போன மாதம் கேட்டைத் தட்டினாள். அவர்கள் குடியிருப்பு வாசலில் பஸ் நிற்பதில்லையாம், வெகுதூரம் தள்ளி இறக்கிவிடுகிறார்களாம், நிற்கச் சொல்லி ஒரு மனு வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர் கடையில் அடித்துக்கொள்ளேன், இப்போது என் கை நடுங்குகிறது என்றேன்.

"நீங்க எழுதுனா நடக்கும் டீச்சர். அன்னைக்குப் பாத்தேன்ல."

சிரிக்கவில்லை. என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். ஆட்சேபணையில் என் பெயர் முதலில் இருந்தது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். மனுவில் இடத்தை எழுத வேண்டும். அவள் எங்கே போய்க் குடியிருக்கிறாள் என்று அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"சோழவந்தான் ரோட்டுல முன்ன ஒரு வெத்தலக் கொடிக்கால் இருந்துச்சுல்ல டீச்சர், அங்கனதேன்."