லாரிக் கண்ணாடியில் ஒட்டிய வசனம்

பால்சாமிக்கு மலத்தின் நாற்றம் பழகிவிட்டது. பதினோரு வருஷமாக செப்டிக் டேங்க் லாரியில் ஓஸ் பிடிக்கிறவருக்கு அது கைநகத்துக்குள் இருக்கிற அழுக்கு மாதிரிதான். அவருக்குக் குமட்டல் வருவது வேறொரு வாசனையில். முதலாளி ஞானதுரையின் வெள்ளைச் சட்டையிலிருந்து வருகிற சென்ட் வாசனை. முதலாளி வேலை நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டார் என்றால், ஓஸ் இழுக்காத கட்டி அடியில் கிடக்கிறது, யாராவது உள்ளே இறங்கி வெட்டிவிட வேண்டும் என்று அர்த்தம்.

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி எடுத்தும் களை வெட்டியும் பிழைத்த குடும்பம் பால்சாமியுடையது. மழை இல்லாத ஒரு வருஷம் பாளையம்பட்டிக்கு வந்து இந்த லாரியில் ஏறினார். மனைவி முத்துப்பேச்சி சபைக்குப் போகிறவள். அவளோடு போய்ப் போய் அவரும் ஞானஸ்நானம் எடுத்தார். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. வேதத்தை மடியில் வைத்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டி, முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் சரளமாக வாசிக்கப் பழகினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து வாசிப்பது அவருக்குப் பிடிக்காது. காலையில் குளித்துவிட்டு, நேற்று விட்ட இடத்திலிருந்து ஒரு பக்கம்.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் தட்டில் வசன அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு அதுதான் அவரவருக்குக் கடவுள் தருகிற வாக்குத்தத்தம். நாலு வருஷத்துக்கு முன்னால் ஞானதுரை எடுத்த அட்டையில், தேவதூதர்கள் உன்னைக் கைகளில் தாங்குவார்கள், உன் கால் கல்லில் மோதாது என்று சங்கீதத்தின் வரி இருந்தது. அந்த வருஷமே அவர் இரண்டாவது லாரி வாங்கினார். அட்டைக்கு பிளாஸ்டிக் உறை போட்டு லாரியின் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். குழிக்குள் இறங்குகிறவன் முதலில் கண்ணாடியில் கை வைத்து அதை வாசிக்க வேண்டும். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனானாலும் சரி.

லாரியில் அவரோடு வேலை பார்த்த கோட்டைச்சாமிக்கு வாசிக்கத் தெரியாது. பால்சாமி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவன் கண்ணாடியில் கை வைத்து அதைத் திருப்பிச் சொன்னான். "எந்தச் சாமி தூக்குனா என்னண்ணே, மேல வந்தாச் சரி" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். வரவில்லை.

விஷவாயுவில் செத்தவனை, கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஞானதுரை எல்லாரிடமும் சொல்லிவைத்தார். துக்கம் கேட்கக் கேதத்துக்கு வந்த இடத்தில் சபைக்காரர்களிடம் மட்டும் தணிந்த குரலில், "வாய் சொல்லுச்சு, உள்ள விசுவாசம் இல்ல" என்றார். நாலு பேர் "ஆமென்" என்றார்கள். பால்சாமியும் சொன்னார். இரண்டு வருஷமாகிறது. எத்தனையோ குழிகளின் நாற்றத்தை வேப்பங்கொழுந்து மென்று கழித்திருக்கிறார். அந்த ஒரு சொல் நாக்கிலிருந்து போகவில்லை.

அதற்குப் பிறகு மூடியைத் திறந்ததும் அவர் இரண்டு எட்டு பின்னால் போய்விடுவார். இறங்கச் சொன்னபோதெல்லாம் இறங்கினார்தான். ஆனால் பயந்துகொண்டே இறங்கினார். பயப்படுவது பாவம் என்று ஞானதுரை ஜெபக்கூட்டத்தில் பேசுவார். பால்சாமி தலையைக் குனிந்துகொள்வார்.

இந்த வருஷம் பங்குனியில் அவருடைய வாசிப்பு நற்செய்திக்கு வந்தது. இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்படுகிற பக்கம். பிசாசு அவரை ஆலயத்தின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. குதி என்கிறது. குதித்தால் தேவதூதர்கள் கைகளில் தாங்குவார்களாம், கால் கல்லில் மோதாதாம்.

பால்சாமியின் விரல் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். சங்கீதத்தைத் தேடி எடுத்தார். அதே வரிதான். ஆனால் சங்கீதத்தில், உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காப்பார்கள் என்று முன்னால் ஒன்று இருந்தது. பிசாசு அதை விழுங்கிவிட்டுச் சொல்லியிருந்தது. அட்டையிலும் அது இல்லை.

"ஏங்க, காப்பி ஆறுது" என்றாள் முத்துப்பேச்சி.

"இயேசு குதிக்கல."

"அவரு எதுக்குக் குதிக்கணும்?"

"குதிக்க மாட்டேன்னுட்டாரு. கடவுளப் பரீட்ச பாக்கக் கூடாதுன்னுட்டாரு. அவருக்கு விசுவாசம் இல்லன்னு சொல்ல முடியுமா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.  கோட்டைச்சாமிக்கு யாருடைய பேச்சைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தார். காப்பியைக் குடிக்காமலே வேலைக்குப் போனார்.

ஒன்பது நாள் கழித்து, திருச்சுழி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம். தண்ணீரை இழுத்த ஓஸ் அடிக்கட்டியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. டிரைவர் காளிராஜ் மோட்டாரை நிறுத்தினான். அரைமணி நேரத்தில் சென்ட் வாசனை வந்தது.

"என்ன பால்சாமி, வேடிக்க பாக்க? கண்ணாடியத் தொட்டுட்டு இறங்கு."

"தண்ணி அடிச்சு ஊற வைப்போம் அண்ணாச்சி. மூங்கில விட்டுக் கலக்கினா நாளைக்கு இழுத்துரலாம்."

"நாளைக்கு இங்க பந்தி நடக்கும், நீ கலக்கிக்கிட்டு இருப்பியாக்கும்? பயமா?"

"பயந்தான்."

"பயம் பிசாசு குடுக்குறதுய்யா. எத்தன தடவ சொல்லிருக்கேன்? வசனத்த வாசி, இறங்கு."

 பால்சாமிக்குக் குழியின் பயம் ஒரு பக்கம். பதினோரு வருஷம் சோறு போட்டவரை, சபையில் முன்வரிசையில் உட்காருகிறவரை எதிர்த்துப் பேசுகிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அண்ணாச்சி, அந்த வசனத்தச் சொல்லி ஒருத்தரக் குதிக்கச் சொன்னது யாருன்னு வாசிச்சிருக்கீகளா?"



"யாருண்ணே?" என்றான் காளிராஜ்.

"பிசாசு."

காளிராஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் துண்டால் மூடிக்கொண்டான். ஞானதுரையின் கழுத்து சிவந்தது.

"வேதம் எனக்கே சொல்லித் தாரியா? நாளையிலிருந்து வராத. ஏலே காளிராஜ், நீ இறங்கு. டிரைவருக்கு ஆள் கெடைக்காதுன்னு நெனைக்காத."

காளிராஜின் சிரிப்பு நின்றது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டத் தொடங்கினான்.

பால்சாமி சிமெண்ட் மூடியைக் காலாலேயே தள்ளி, குழியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எப்படி உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது.

"எந்திரி."

"எந்திரிக்க மாட்டேன் அண்ணாச்சி. போலீஸக் கூப்பிடுங்க. ஆள இறக்குறது சட்டப்படி குத்தம்னு அவுகளும் சொல்லட்டும்."

மண்டபத்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். பந்தல் போட வந்தவர்கள் கம்பைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்கள். ஞானதுரை அவர்களைப் பார்த்து, "பிரைஸ் த லார்ட்" என்று எதற்கோ சொல்லிவிட்டு காரை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டபோது பால்சாமி உண்மையிலேயே காறித் துப்பினார்.

தண்ணீர் அடித்து, இருவரும் மாறி மாறி மூங்கிலால் கலக்கினார்கள். விடிவதற்கு முன்னால் ஓஸ் இழுத்துவிட்டது. முகூர்த்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஓஸைச் சுருட்டி வைத்ததும், பால்சாமி கண்ணாடியில் இருந்த அட்டையை நகத்தால் சுரண்டி எடுத்தார். அதைக் குழியில் எறியக் கை போனது. வரியின் மேல் தப்பில்லை என்று பையில் வைத்துக்கொண்டார்.

வேலை போனது. அன்று மத்தியானம் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, கோட்டைச்சாமியின் மனைவி அழகுத்தாயைப் பார்க்கப் போனார். அவள் வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அழகுத்தாயி, கேதத்தன்னைக்கு அவனுக்கு விசுவாசம் இல்லன்னு முதலாளி சொன்னப்ப, நானும் ஆமென்னு சொன்னேன். அது பொய். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. இறக்குன எங்க மேலதான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவள் மிளகாயைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"இதச் சொல்ல ரெண்டு வருஷமாண்ணே?"

 மிளகாய் நெடியில் பால்சாமிக்குக் கண் எரிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வக்கீலப் பாக்கணும். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு வாங்க."

"வாரேன்" என்றார்.